நாற்பத்து மூன்று கடவுச்சொற்கள்

ஜஸீமாவின் மேசை இழுப்பறையில் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. கல்லூரியின் நாற்பத்து மூன்று ஆசிரியர்களுடைய கடவுச்சொற்களும் அதற்குள் இருந்தன. அவள் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை. அவர்களாகவே வந்தார்கள், வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள், குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருடையது மூத்த பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும். ஒருவருடையது செத்துப்போன நாயின் பெயர். நாயைப் பற்றி அவர் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை.

ஜஸீமா சங்கரன்கோவிலில் உள்ள அந்தக் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் உதவியாளர். வயது முப்பத்தொன்பது. பதினான்கு வருடமாகக் கடையநல்லூரிலிருந்து காலை பாசஞ்சரில் வந்து, சாயங்காலம் கிடைத்த பஸ்ஸில் திரும்புகிறவள். ஆய்வகத்தின் சாவிக்கொத்து அவளுடையது. முப்பத்தாறு கணினிகளில் எது மழைக்காலத்தில் மக்கர் பண்ணும், எதன் திரை தட்டினால்தான் எரியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஊழியர் கூட்டங்களில் அவளுக்கு நாற்காலி கிடையாது. நாற்காலி போடுவதுதான் அவள் வேலை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது கணினியில் எதையாவது சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். மவுஸைத் தொடவே மாட்டாள். மாணவர்கள் அவளுக்குப் 'போலீஸ் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். காரணம் சொன்னதில்லை. பதினேழு வயதில் அவள் வாப்பா முகம்மது இஸ்மாயில் அவளைக் கடையநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார். அங்கே இருந்த சார் நல்லவர்தான். ஆனால் அவள் ஒரு நொடி தயங்கினால் போதும், "தள்ளும்மா, நான் செஞ்சு காட்டுதேன்" என்று மவுஸை வாங்கிவிடுவார். மூன்று மாதம் முடிந்தபோது அவருடைய கையின் வேகம்தான் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. தன் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் வாப்பாவிடம் சொல்லாமல், பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொண்டாள்.

சென்ற வருடம் ஆவணியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்தை இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அங்கேயே கேள்வி வைக்க வேண்டும், மாணவர்களின் சந்தேகங்களுக்கு அங்கேயே பதில் எழுத வேண்டும். எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்று பிப்ரவரி முடிவதற்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்களுக்குக் கைகொடுக்க ஒரு குழு அமைக்க வேண்டும்.

முதல்வர் இசக்கித்துரை அன்றே குழுவை அமைத்துவிட்டார். அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. பணிமூப்புப் பட்டியலை எடுத்தார், மேலிருந்து ஏழு பெயரை எழுதினார். ஏழு பேரும் துறைத் தலைவர்கள். புதன்கிழமைதோறும் மூன்று முதல் நான்கு மணி வரை ஆய்வகத்தில் குழு உட்கார்ந்திருக்கும், சந்தேகம் உள்ளவர்கள் வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

முதல் புதன்கிழமை ஒருவரும் வரவில்லை. இரண்டாவது புதனும் அப்படியே. ஏழு தலைவர்களும் டீ குடித்து, பேப்பர் படித்து, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். டீ கிளாஸ்களைச் சேகரிக்க வந்த நூலக உதவியாளர் சண்முகையா தட்டோடு நின்றபடி கேட்டார்.

"ஏன் சார், ஒரு ஆளும் வரலையே. நம்ம காலேஜ்ல எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சுட்டோ?"

ஆங்கிலத் துறையின் இளம் ஆசிரியர் ஜெபசுந்தர் வாசலில் நின்றிருந்தார். "யாரு அண்ணாச்சி வருவா? எங்க தலைவர் வருசக் கடைசில என்னப் பத்தி ரகசிய அறிக்கை எழுதுதவரு. அவருகிட்ட போயி, சார் எனக்கு உள்ள நுழையவே தெரியலன்னு சொல்லச் சொல்லுதீங்களா?"

"அப்ப தலைவருமாருக்குத் தெரியாட்டா?"

"அவங்க எங்ககிட்ட கேப்பாங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க."

ஆகவே அவர்கள் ஜஸீமாவிடம் வந்தார்கள். அவளிடம் கேட்பதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. மின்விசிறி ஓடவில்லை என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்வது போலத்தான் அதுவும். சாப்பாட்டு நேரத்தில், மணி அடித்த பிறகு, ஒருவர் வந்திருப்பது இன்னொருவருக்குத் தெரியாமல் வந்தார்கள். முதலில் அவள் தன் வழக்கப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "உக்காருங்க சார், பத்து நிமிசம்தான்" என்பாள். உட்கார்ந்தார்கள் சிலர், ஜெபசுந்தரும் அவர்களில் ஒருவர். ஆனால் தேதி நெருங்க நெருங்க யாருக்கும் பத்து நிமிடம் இல்லை. "நீயே போட்டுரும்மா" என்றார்கள். கடவுச்சொல்லை எழுத ஒரு நோட்டு வாங்கினாள்.

சுந்தரபாய் வந்தது தைப்பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். வரலாற்றுத் துறை, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. 'பிரசன்ட் மேம்' என்ற சத்தம் கேட்காத ஒரே வகுப்பு அந்தக் கல்லூரியில் அவருடையதுதான். பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும். அவரும் எண்ணைக் கூப்பிட மாட்டார், பெயரைத்தான் கூப்பிடுவார், முழுப் பெயரை.

கொரோனா காலத்தில் நடத்திய முதல் இணைய வகுப்பில் அவர் மைக்கைத் திறக்கவில்லை. அது அவருக்குத் தெரியவில்லை. அறுபது பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார், ஒவ்வொன்றுக்கும் பதிலுக்காகக் காத்திருந்தார், பதில் வராமல் அடுத்த பெயருக்குப் போனார். வாய் மட்டும் அசையும் அந்த முகத்தை எவனோ ஒருவன் வீடியோ பிடித்து, பாட்டுச் சேர்த்து எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் அனுப்பிவிட்டான். அவருடைய மகள் ஜாய்லினுக்கே சென்னையில் அது போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவர் தன் செல்போன் எண்ணை மாணவர்களுக்குக் கொடுப்பதில்லை.

"உக்காருங்க மேடம்," என்றாள் ஜஸீமா.

சுந்தரபாய் உட்கார்ந்தார். மவுஸின் மேல் கையை வைத்தார். அம்புக்குறி திரையில் துள்ளியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 

"எனக்கு இது வேண்டாம்மா. நீயே செஞ்சுரு. என் நோட்ஸெல்லாம் கொண்டாந்திருக்கேன்."

"மேடம், ஒரு தடவ மட்டும் பாத்தீங்கன்னா..."

"ஜஸீமா." அவர் குரல் உயரவில்லை. "நான் கேக்கேன்லா."

ஜஸீமா கட்டியிருந்த கையைப் பிரித்தாள்.

நாற்பத்து மூன்று பேருக்கும் அவளே செய்தாள். ஒரே அச்சில் வார்த்தது போல எல்லாப் பக்கங்களும் அமைந்தன. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரே வாசகத்தை, கீழே உள்ள ஆசிரியர் பெயரை மட்டும் மாற்றி மாற்றி, எழுதினாள்: 'உங்கள் சந்தேகங்களை இங்கே கேளுங்கள். நான் பதில் தருவேன்.' மாசி பிறந்தபோது வேலை முடிந்திருந்தது. நூற்றுக்கு நூறு என்று அறிக்கை போனது. ஏழு பேர் குழுவுக்குப் பல்கலைக்கழகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கூட்டத்தில் அதைப் படித்த முதல்வர், சுவரோரம் நின்ற ஜஸீமாவைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கடையநல்லூர் வரை நின்றுகொண்டே வந்தாள், அது தெரியவே இல்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் சுந்தரபாய் மறுபடியும் ஆய்வகத்துக்கு வந்தார். இந்தமுறை வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் ஒரு பட்டியல் இருந்தது. வருகைக் குறைவால் பரீட்சை எழுத முடியாதவர்களின் பெயர்கள்.

"முப்பிடாதின்னு ஒரு பிள்ள. ரெண்டாம் வருசம். பனவடலிசத்திரத்துல இருந்து வரும். பிப்ரவரியில இருந்து வரல. இன்னைக்கு வகுப்புல கேட்டேன், ஏன் ஒரு லெட்டர் கூடத் தரலன்னு. பிள்ளைங்க சொல்லுது, அவ உங்களுக்கு எழுதுனாளே மேடம், நீங்கதான் பதில் போடலன்னு." பட்டியலை மேசைமேல் வைத்தார். "எங்க எழுதுனா? எனக்கு ஒண்ணும் வரலையேம்மா."

 ஜஸீமா பச்சை நோட்டை எடுத்தாள், சுந்தரபாயின் பக்கத்துக்குள் நுழைந்தாள். மேல் மூலையில் சின்ன மணி ஒன்று, அதன்மேல் சிவப்பில் மூன்று என்ற எண். அந்த எண்ணை அவள் முன்பே பார்த்திருந்தாள். ஒன்றாக இருந்தபோதும் பார்த்தாள், இரண்டாக இருந்தபோதும் பார்த்தாள். பாடம் ஏற்ற அந்தக் கணக்குக்குள் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறாள். மணியை மட்டும் தொட்டதில்லை. இன்னொருவருக்கு வந்த கடிதத்தைப் பிரிப்பது தப்பு என்பது அவள் வீட்டில் சொல்லி வளர்த்தது. சாவியை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடியவள், கடிதத்துக்கு மட்டும் மரியாதை கொடுத்திருந்தாள்.

மணியை அழுத்தினாள்.

பிப்ரவரி பதினொன்று: 'மேடம் வணக்கம். நான் வரலாறு இரண்டாம் ஆண்டு முப்பிடாதி. அம்மாவுக்கு ஆபரேஷன். நான்தான் கூட இருக்கணும். லீவ் லெட்டர் இதில் அனுப்பினால் செல்லுமா?'

பிப்ரவரி இருபத்தாறு: 'மேடம், வருகைக் குறைவு விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். கடைசித் தேதி மார்ச் 15. என்றைக்கு வந்தால் உங்களைப் பார்க்கலாம்?'

மார்ச் பதினான்கு: 'மேடம் இருக்கீங்களா?'

சுந்தரபாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றையும் இன்னொரு முறை படித்தார். திட்டுவார் என்று ஜஸீமா காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

"பனவடலிக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டார்.

போவதற்கு முன் இருவரும் முதல்வரைப் பார்த்தார்கள். ஜஸீமா நடந்ததைச் சொன்னாள், நோட்டையும் காட்டினாள். இசக்கித்துரை அதைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார். தன்னுடையதும் அதில் இருப்பது அவருக்குத் தெரியும்.

"தேதி முடிஞ்சு போச்சும்மா. பல்கலைக்கழகம் இனி விண்ணப்பம் வாங்காது. நான் எழுதிப் பாக்கேன்." எழுதினார். முடியாது என்று நான்காம் நாள் பதில் வந்தது. ஆனால் அவர்கள் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. முதல்வரைப் பார்த்த அன்று மத்தியானமே திருநெல்வேலி பஸ் ஏறிப் பனவடலிசத்திரத்தில் இறங்கினார்கள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஆபரேஷன் ஆன வீடு என்றதும் பெட்டிக்கடைக்காரர் கை காட்டினார். முப்பிடாதி வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். டீச்சரைப் பார்த்ததும் குடத்தை இறக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள். உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவள் அம்மா எழுந்து உட்காரப் பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க," என்றார் சுந்தரபாய்.

"வாங்க டீச்சர். இங்கன இருங்க. ஏட்டி, அந்த சேர எடுத்துப் போடு." அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "பதிலே வரலன்னதும், டீச்சருக்கு என்மேல கோவம், இனி நான் போகலன்னு இவளே முடிவு பண்ணிட்டா. நான் சொல்லுதத எங்க கேக்கா? இப்போ இவ மாமா வேற, அடுத்த தையில முடிச்சிரலாம்னு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கான்."

"எனக்குக் கோவமில்ல மக்கா," என்றார் சுந்தரபாய் முப்பிடாதியிடம். "நான் அதப் பாக்கவே இல்ல."

முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பதில் தருவேன்னு நீங்கதான மேடம் எழுதியிருந்தீங்க."

வீட்டுக்குப் பின்னால் எங்கோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.  ஜஸீமா சொன்னாள். "அத எழுதுனது நான். மேடம் இல்ல. நான் எழுதிட்டு, வந்ததப் பாக்காம விட்டுட்டேன்."

முப்பிடாதி முதன்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிற முகம்.

"அப்ப நான் யாருகிட்டக்கா கேட்டேன்?"

சுந்தரபாய் அவளிடமிருந்து குடத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

பரீட்சை இந்தமுறை இல்லை. டிசம்பரில் அடுத்த செட்டோடு உட்கார்ந்து அதே பருவத்தை மறுபடி படித்தால் எழுதலாம். ஒரு வருடம் போகும். சுந்தரபாய் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "வருவியா?" என்று கேட்டார்.

"பாக்கணும் மேடம்," என்றாள் முப்பிடாதி. அது வருவேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் சுந்தரபாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்கரன்கோவில் நெருங்கி, தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது சொன்னார். "நான் அன்னைக்கு உன் பேச்சக் கேட்டு உக்காந்திருக்கணும்."

"நானும் உங்க பேச்சக் கேட்டிருக்கக் கூடாது மேடம்," என்றாள் ஜஸீமா.

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் நடந்த முதல் ஊழியர் கூட்டத்தில், பதினான்கு வருடத்தில் முதன்முறையாக, ஜஸீமா பேசினாள். சுவரோரமே நின்று பேசினாள். யார் யாருக்கு உதவுவது என்று மேலிருந்து எழுத வேண்டாம் என்றாள். ஆளுக்கொரு துண்டுச்சீட்டில், வெட்கப்படாமல் யாரிடம் கேட்பீர்களோ அவர் பெயரை எழுதிப் போடுங்கள், எழுதுகிறவர் பெயர் வேண்டாம் என்றாள். தலைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல்வர் நெடுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பேப்பரக் கிழிங்க" என்றார். தமக்கும் ஒரு சீட்டு எடுத்துக்கொண்டார்.

காலியான சாக்பீஸ் பெட்டியில் நாற்பத்து மூன்று சீட்டுகள் விழுந்தன. ஜஸீமாவின் பெயர் பத்தொன்பதில். ஜெபசுந்தரின் பெயர் எட்டில். கணிதத் துறைக்குச் சென்ற வருடம் வந்திருந்த முபஷ்ஷிராவின் பெயர் ஆறில். ஒன்பது சீட்டில் 'சண்முகையா' என்று இருந்தது. பழைய ஏழு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஒரு சீட்டு வெறுமையாக இருந்தது.

"என் பேரா?" கதவருகே நின்ற சண்முகையா தட்டை மேசையில் வைத்தார். "நான் எட்டாங் கிளாஸுல்லா. என் அக்கா மவன் ஷார்ஜாவுல இருந்து போன்ல சொல்லித் தந்தத வச்சு இவங்களுக்கு ஏதோ அமுக்கிக் காட்டுனேன். அதுக்குப் போயி..."

"அமுக்கிக் காட்டாதீங்க அண்ணாச்சி," என்றார் ஜெபசுந்தர். "இனிமே கையப் பின்னால கட்டிக்கிடணும். நம்மளும் போலீஸ்தான்."

சிலர் சிரித்தார்கள். தலைவர்களில் இரண்டு பேர் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர் இன்றுவரை ஆய்வகத்துக்கு வந்ததில்லை.

அந்த மாதம் முழுவதும், சீட்டில் பெயர் வந்த நான்கு பேரின் குழு துறைதுறையாகப் போனது. ஒரே விதிதான் வைத்திருந்தார்கள்: அடுத்தவர் மவுஸைத் தொடக்கூடாது. ஒவ்வோர் ஆசிரியரும் தம் கடவுச்சொல்லைத் தம் கையாலேயே மாற்ற வேண்டும், அப்போது சொல்லிக்கொடுப்பவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். ஒருவர் மாற்றி முடித்ததும் பச்சை நோட்டிலிருந்து அவருடைய தாளை ஜஸீமா கிழித்துக் கையில் கொடுத்துவிடுவாள். ஆசிரியர்கள் தாங்களே செய்தது எவ்வளவு என்று அடுத்த அறிக்கைக்குக் கணக்கெடுத்தபோது நூற்றுக்கு முப்பது வந்தது. முதல்வர் அந்த எண்ணைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார்.

நோட்டில் கடைசியாக ஒரு தாள் மிச்சம் இருந்தது. சுந்தரபாய் ஜூன் கடைசியில் வந்தார். அந்த வெறும் சீட்டு தன்னுடையது என்றார். "யாருகிட்ட கேட்டாலும் எனக்கு வெக்கமாத்தான் இருக்கும். அதான் எழுதல. சரி, வெக்கத்தோடயே கேக்கேன்."

கடவுச்சொல்லை மாற்ற இருபது நிமிடம் ஆனது. அதன்பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. அம்புக்குறியை மணியின் மேல் கொண்டு நிறுத்தினார். முப்பிடாதியின் மூன்றாவது கேள்விக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். 'உல்லேன்' என்று விழுந்தது. ஜஸீமாவின் வலக்கை தானாக முன்னால் வரப் பார்த்தது. முதுகுக்குப் பின்னால் இடக்கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சுந்தரபாய் திரையை உற்றுப் பார்த்தார். அழித்தார். வரலாறு படித்தவரானாலும் தமிழ்ப்பிழை பொறுக்காதவர். 'உள்ளேன்' என்று வந்ததும் அனுப்பினார். மூன்றரை மாதம் தாமதமாகப் போன அந்தப் பதிலுக்குப் பதில் எதுவும் வரவில்லை.

டிசம்பரில் வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரம், உணவு இடைவேளையில், ஆய்வக வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. முப்பிடாதி. மெலிந்திருந்தாள். தன்னைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சுந்தரபாய் சொல்லியிருந்தார். மாமா பார்த்த மாப்பிள்ளை வீட்டார் தை வரைக்கும் முடிவு கேட்டிருக்கிறார்கள் என்றும், என்ன சொல்வதென்று அந்தப் பிள்ளைக்கே தெரியவில்லை என்றும் சொல்லியிருந்தார்.

ஜஸீமா எழுந்து நின்றாள். ஏப்ரலிலிருந்து எத்தனையோ வாசகங்களை மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அதற்குள் அந்தப் பிள்ளை முந்திக்கொண்டாள்.

"பழைய பாஸ்வேர்டு மறந்துட்டு," என்றாள் முப்பிடாதி. "புதுசு போடணும்."

அவளே ஒரு கணினி முன் போய் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தபடியே, குரலில் கனிவும் இல்லாமல் கடுமையும் இல்லாமல் சொன்னாள்.

"கொஞ்சம் திரும்பிக்கிடுங்கக்கா."

ஜஸீமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவளுக்குப் பின்னால் விசைகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது.